நடு பாஸ், தோல் ஃபெயில்: கஷகான் குழாயும் தண்ணி ஊத்திக் குளிரவச்ச பிளேட்டும்

2013 செப்டம்பர் 11. கஸகஸ்தான்ல, காஸ்பியன் கடலோட வடக்குப் பக்கம் இருக்குற கஷகான் ஆயில் ஃபீல்டு ஒருவழியா ஓட ஆரம்பிச்சுது. ஒருவழியானு ஏன் சொல்றேன்னா, 2000-ல கண்டுபிடிச்ச ஃபீல்டு அது, எனி, ஷெல், எக்ஸான்மொபில், டோட்டல், இன்பெக்ஸ், கஸ்முனய்காஸ்னு பெரிய பெரிய ஆளுங்க சேர்ந்த கூட்டணி, செலவு 5,000 கோடி டாலர் பக்கம் போயிடுச்சு, தேதி தள்ளித் தள்ளிப் போய் கடைசில வால்வைத் திறந்தாங்க. 13 நாள்தான் ஓடுச்சு. செப்டம்பர் 24 கேஸ் லைன்ல லீக். நிறுத்தி, அந்த இடத்தை சரிபண்ணி, திரும்ப ஓட்டினாங்க, அக்டோபர் 9 மறுபடியும் லீக். அதோட மூடினதுதான், அப்புறம் எண்ணெய் வெளிய போனது 2016 கடைசில.

குழாய் பழசு கிடையாது, துரு பிடிச்சு மெலிஞ்சதும் கிடையாது. புத்தம் புது ஸ்டீல், எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகி சர்டிஃபிகேட்டோட வந்த சரக்கு. கடலுக்குள்ள இருக்குற செயற்கைத் தீவுல இருந்து கரைல இருக்குற ப்ராசஸிங் பிளான்ட் வரைக்கும் எண்ணெய்க்கு ஒண்ணு, கேஸுக்கு ஒண்ணுனு 28 இன்ச் லைன் ரெண்டு, ஒவ்வொண்ணும் சுமார் 95 கிலோமீட்டர். ரெண்டையும் முழுசா மாத்தணும்னு முடிவாச்சு. நடுவுல லைன்ல இருந்த விஷ கேஸை எரிச்சதுக்கு கஸகஸ்தான் அரசு 70 கோடி டாலருக்கு மேல சுற்றுச்சூழல் அபராதம் வேற போட்டுச்சு.

காரணம்னு ஆபரேட்டர் தரப்புல அறிவிச்சது சல்ஃபைடு ஸ்ட்ரெஸ் கிராக்கிங். அதாவது குழாயோட உலோகம், ஹைட்ரஜன் சல்ஃபைடு, தண்ணி மூணும் சேர்ந்த இடத்துல, ஹார்ட்னஸ், அதாவது கடினத்தன்மை, அங்கங்க திடீர்னு எகிறி இருந்த இடங்கள்ல விரிசல் விட்டுடுச்சு. இந்த "அங்கங்க திடீர்னு" இருக்கே, அதுக்குள்ளதான் முழுக் கதையும் இருக்கு. இதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல லைன்பைப் உலகமே லோக்கல் ஹார்ட் ஸோன்னு ஒண்ணைப் பத்தி பேச ஆரம்பிச்சுது, அது வெல்டிங்ல வர்ற சமாச்சாரம் மட்டும் இல்ல, குழாயா வளைக்கிறதுக்கு முன்னாடி தட்டையான தகடா பிளேட் உருட்டுற மில்லுலயே பிறக்குற சமாச்சாரம். பைப்லைன் பிளேட்டுக்கு ஸ்ட்ரெங்த்தும் டஃப்னஸும் (விரிசல் ஓடாம தாங்குற குணம்) கொடுத்த அதே ப்ராசஸ்தான் இந்தத் தொல்லையையும் கொடுத்துருக்கு. அதனால கதையை பிளேட்ல இருந்தே தொடங்கணும்.

ஸ்ட்ராங்கும் வேணும், டஃப்பும் வேணும்

ஸ்ட்ரெங்த் எதுக்குன்னு கேட்டா பதில் காசு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, 28 இன்ச் குழாய், அதாவது 711 மில்லிமீட்டர், உள்ள 10 மெகாபாஸ்கல் பிரஷர், டிசைன்ல யீல்டோட, அதாவது ஸ்டீல் நிரந்தரமா உருமாற ஆரம்பிக்கிற இழுப்போட, 72 சதவீதம் வரைக்கும்தான் போகலாம்னு வச்சுக்குவோம். எக்ஸ்52ங்குற கிரேடு ஸ்டீல்னா, யீல்டு 360 மெகாபாஸ்கல், சுவர் 13.7 மில்லிமீட்டர் வேணும். எக்ஸ்70, யீல்டு 485, அதுக்கு 10.2 போதும். கால்வாசி ஸ்டீல் மிச்சம். எடை கம்மி, லாரி கம்மி, ஒவ்வொரு ஜாயின்ட்டுலயும் வெல்டிங் நேரம் கம்மி. நூத்துக்கணக்கான கிலோமீட்டருக்கு இதைப் பெருக்கினா ஏன் எல்லாரும் கிரேடு ஏத்த அலைஞ்சாங்கன்னு புரியும்.

டஃப்னஸ் எதுக்குன்னா அது உயிர் பயம். 1960-ல அமெரிக்காவுல ஒரு 30 இன்ச் லைனை கேஸ் வச்சு டெஸ்ட் பண்றப்ப ஒரு விரிசல் கிளம்பி 13 கிலோமீட்டர் ஓடுச்சு. மீட்டர் இல்ல, கிலோமீட்டர். ஏன் அவ்வளவு தூரம் ஓடுதுன்னா, ஸ்டீல் பிரிட்டிலா இருந்தா விரிசல் போற வேகம் உள்ள இருக்குற கேஸ் பிரஷர் இறங்குற வேகத்தை விட அதிகம், அதனால விரிசலோட நுனில எப்பவும் முழு பிரஷர் இருந்துக்கிட்டே இருக்கும், அது பாட்டுக்கு ஓடும். அதுக்கப்புறம்தான் முழு தடிமன் துண்டை எடுத்து எடை விழ வச்சு கிழிச்சுப் பாக்குற டிராப் வெய்ட் டியர் டெஸ்ட் எல்லாம் பைப்லைனுக்கு வந்துச்சு. சின்னத் துண்டை சுத்தியலால அடிச்சு உடைச்சுப் பாக்குற சார்பி டெஸ்ட் மட்டும் பாத்து திருப்திப்பட்ட காலம் அங்கயே முடிஞ்சுது.

பிரச்சனை என்னன்னா ஸ்டீல்ல ஸ்ட்ரெங்த் ஏத்த எல்லாருக்கும் தெரிஞ்ச வழி கார்பன், ஆனா கார்பன் ஏறினா டஃப்னஸ் போகும், ஃபீல்டுல வெல்டு பண்றப்ப பக்கத்துல இருக்குற பகுதி கண்ணாடி மாதிரி ஆகும். ரெண்டையும் ஒரே நேரத்துல ஏத்துற வழின்னு பாத்தா கிரெயின், அதாவது ஸ்டீலுக்குள்ள இருக்குற படிகத் துகள், அதோட சைஸைச் சின்னதாக்குறது ஒண்ணுதான் ஒழுங்கா வேலை செய்யும். கிரெயின் சின்னதானா பவுண்டரி அதிகம், பவுண்டரி ஒவ்வொண்ணும் டிஸ்லொகேஷனையும் (உலோகம் உருமாறுறப்ப நகர்ற படிகப் பிழை) தடுக்கும், விரிசலையும் திருப்பிவிடும். பைப்லைன் பிளேட்டோட அம்பது வருஷ வரலாறுன்னு சொல்றதெல்லாம் சுருக்கமா இந்த கிரெயினை எப்படிப் பொடிசாக்குறதுங்குற வரலாறுதான், மத்ததெல்லாம் அதுக்கு ஒட்டு.

எப்படிப் பண்றாங்கன்னா, கார்பனை 0.04, 0.05 சதவீதத்துக்கு இறக்கிடுவாங்க. துளியூண்டு நியோபியம் போடுவாங்க, 0.05 சதவீதம் மாதிரி, கூடவே கொஞ்சம் டைட்டேனியம். ஸ்லாபை, அதாவது தடிச்ச வார்ப்புக் கட்டியை, 1,150 டிகிரி பக்கம் சூடுபண்ணி முதல்ல முரட்டுத்தனமா உருட்டி, அப்புறம் கொஞ்ச நேரம் ரோலர் மேல சும்மா நிக்க விட்டு, சூடு இறங்கினதும் மறுபடி உருட்டுவாங்க. மில்லைப் புதுசா பாக்க வர்றவங்களுக்கு பிளேட் ஏன் வேலை இல்லாம நிக்குதுன்னு தோணும், அந்த நிக்குற நேரம்தான் விஷயமே. நியோபியம் இருக்குறதால 900 சொச்சம் டிகிரிக்குக் கீழ வந்துட்டா நசுங்கின ஆஸ்டெனைட் (நல்ல சூட்டுல ஸ்டீலோட அமைப்பு) கிரெயின் திரும்ப உருண்டையாகாம அப்பளமா அப்படியே நசுங்கியே கிடக்கும். ஒவ்வொரு பாஸ்லயும் இன்னும் நசுங்கும். அப்படி நசுங்கினதுக்குள்ள குளிர்றப்ப வர்ற ஃபெரைட் அமைப்பு பிறக்குறப்ப எக்கச்சக்கமான இடத்துல ஒரே நேரத்துல பிறக்கும், கிரெயின் பொடிப்பொடியா வரும்.

இதோட நிறுத்தி இருந்தா எக்ஸ்60, எக்ஸ்65 வரைக்கும் போகலாம். அதுக்கு மேல போகத்தான் தண்ணி. ரோலிங் முடிஞ்ச கையோட 750, 800 டிகிரில இருக்குற பிளேட்டை தண்ணித் திரைக்குள்ள விட்டு செகண்டுக்கு 20, 30 டிகிரி வேகத்துல இறக்கி, 400ல இருந்து 550க்குள்ள எங்கயோ நிறுத்திடுறது. ஃபெரைட்-பெர்லைட் கோடு கோடா வர்றதுக்குப் பதிலா மெல்லிசான பெய்னைட்ங்குற அமைப்பு வரும், ஸ்ட்ரெங்த் ஏறும், டஃப்னஸ் குறையாது. பிளேட் மில்லுல இதை ஆன்லைனா கொண்டுவந்தது ஜப்பான்ல ஃபுகுயாமா மில், 1980. அதுக்கப்புறம் உலகத்துல உருப்படியான பிளேட் மில் எல்லாத்துலயும் இந்த ஆக்சிலரேட்டட் கூலிங் வந்துடுச்சு. ரோலிங், கூலிங் ரெண்டையும் சேர்த்து டிஎம்சிபி, தெர்மோமெக்கானிக்கல் கன்ட்ரோல்டு ப்ராசஸிங்னு சொல்றாங்க. என்னைக் கேட்டா ஸ்டீல் உலகத்துல கடைசி அம்பது வருஷத்துல வந்த மிகச் சிறந்த ஐடியா இதுதான். விலை கூடின அலாயை அள்ளிப் போட வேண்டாம், துளி நியோபியமும் தண்ணியும் டைமிங்கும் போதும்.

1972ல கத்துக்கிட்ட பாடம் நடுப்பகுதியைப் பத்தி

ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்குற எண்ணெயை, கேஸை சவர்னு சொல்லுவாங்க. சவர் லைனுக்கு பிளேட் செய்யுறது தனி ஜாதி வேலை. சாதாரணமா ஸ்டீல் அரிக்கிறப்ப வெளிய வர்ற ஹைட்ரஜன் அணு ரெண்டு ரெண்டா சேர்ந்து குமிழியா போயிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தா அந்த ஜோடி சேர்றதைக் கெடுத்துவிடும், அதனால தனி அணுவா ஸ்டீலுக்குள்ளயே இறங்கும். உள்ள போனது எங்கயாவது ஒதுங்க இடம் தேடும்.

1972-ல அபுதாபி கடல்ல உம் ஷெய்ஃப் ஃபீல்டுல ஒரு எக்ஸ்65 சவர் லைன் ஓட ஆரம்பிச்ச சில வாரத்துலயே போயிடுச்சு. திறந்து பாத்தா சுவருக்குள்ளயே, தடிமனோட நடுவுல, படி படியா விரிசல். வெளிய இருந்து இழுப்பே தேவை இல்ல, உள்ள சேர்ந்த ஹைட்ரஜன் பிரஷரே பிளந்துடுச்சு. எங்க சேர்ந்துச்சுன்னா நீளமா நசுங்கின மாங்கனீஸ் சல்ஃபைடு இன்க்ளூஷன் (ஸ்டீலுக்குள்ள சிக்கின அந்நியத் துணுக்கு) ஓரத்துல, அப்புறம் ஸ்லாப் உறையுறப்ப நடுவுல ஒதுங்கின மாங்கனீஸ், பாஸ்பரஸ் பட்டைல. இதுக்குப் பேரு ஹெச்ஐசி, ஹைட்ரஜன் இண்டியூஸ்டு கிராக்கிங்.

அங்க இருந்து சவர் பிளேட் போட்ட ஓட்டம் சாதாரண ஓட்டம் இல்ல. சல்ஃபரை 0.001 சதவீதத்துக்குக் கீழ இறக்கினாங்க, மிச்சம் இருக்குறதையும் கால்சியம் ட்ரீட்மென்ட் பண்ணி நசுங்காத உருண்டையா மாத்தினாங்க. மாங்கனீஸைக் குறைச்சாங்க. காஸ்டர்ங்குற வார்ப்பு மெஷின்ல ஸ்லாப் உறையுற கடைசிக் கட்டத்துல லேசா அமுக்கி நடுப்பட்டையைக் கலைச்சாங்க. டெஸ்ட்டும் வந்துச்சு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைஞ்ச கரைசல்ல துண்டை 96 மணி நேரம் முக்கி வச்சு, அப்புறம் அறுத்து, விரிசல் நீளம் துண்டோட அகலத்துல 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு கணக்கு. நல்ல மில் பிளேட்ல இப்ப ஜீரோவே வரும். 40 வருஷ உழைப்பு, கைதட்டியே ஆகணும்.

ஆனா கவனிங்க, அந்த உழைப்பு பூராவும் பிளேட்டோட நடுவுக்குத்தான் போச்சு. சவர் பிளேட்னு சொன்னாலே ஸ்டீல் ஆளுங்க மனசுல வர்றது சென்டர்லைன்தான். சர்ஃபேஸ் நல்லாத்தானே இருக்கும், அதுல என்ன வரப்போகுதுன்னு ஒரு நம்பிக்கை. செக்ரிகேஷன், அதாவது நடுப்பட்டை மாதிரி ஒதுங்கல், கிடையாது, இன்க்ளூஷன் கம்மி, கிரெயின் பொடிசு. நியாயமான நம்பிக்கைதான், தண்ணியை மறந்துட்டா.

தோல்ல என்ன நடக்குது

நல்லா காஞ்ச தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா துளி ஆவி ஆகாம முத்து முத்தா உருண்டு ஓடும், அடுப்பைக் கொஞ்சம் தணிச்சுட்டுத் தெளிச்சா சுர்ருனு ஒட்டி உடனே போயிடும். முதல்ல கல்லுக்கும் துளிக்கும் நடுவுல ஆவிப் படலம் இருக்கு, சூடு அதைத் தாண்டி வரத் திணறும். படலம் உடைஞ்சா தண்ணி நேரா தொட்டு சூட்டை உறிஞ்சி எடுத்துடும். பிளேட் மேலயும் இதேதான். 800 டிகிரில ஆவிப் படலம் இருக்கு, குளிர்றது மிதமா போகும், சர்ஃபேஸ் ஒரு அளவுக்கு இறங்கினதும் படலம் உடையும், அந்த இடத்துல குளிர்ற வேகம் சடார்னு பல மடங்கு ஏறும். சிக்கல் என்னன்னா படலம் பிளேட் பூரா ஒரே நேரத்துல உடையாது. ஒரு இடத்துல ஸ்கேல் (சூட்டுல படியுற ஆக்சைடு பொருக்கு) தடிமனா, சொரசொரனு இருந்தா அங்க முன்னாடியே உடைஞ்சுடும். டீஸ்கேலிங் (அந்தப் பொருக்கை அடிச்சு எடுக்குறது) சரியா படாத இடம், தண்ணி தேங்குன இடம், நாசில் ஏடாகூடமா அடிச்ச இடம், பிளேட்டோட தலைப்பக்கம், வால்பக்கம், எல்லாம் தனித்தனிக் கதை.

செகண்டுக்கு 20, 30 டிகிரின்னு கன்ட்ரோல் ரூம்ல தெரியுறது தடிமனோட சராசரி. தோல்ல, முதல் சில நூறு மைக்ரான்ல, அது நூறைத் தாண்டிப் போகலாம். கார்பன் 0.04 தானே, எவ்வளவு குளிரவச்சாலும் எங்க ஹார்டாகப் போகுதுன்னு தோணும். ஆனா நியோபியம், மாங்கனீஸ், கொஞ்சம் குரோமியம், மாலிப்டினம், நிக்கல் எல்லாம் சேர்ந்தா பட்டை பட்டையா முரட்டு பெய்னைட், சில இடத்துல ரொம்ப ஹார்டான மார்ட்டென்சைட் பக்கம் வரைக்கும் போயிடும். நடுவுல ஹார்ட்னஸ் விக்கர்ஸ் அளவுல 190, 200 இருக்குற பிளேட்டுக்கு தோல்ல மட்டும் அங்கங்க 250ஐத் தாண்டின திட்டு. அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது.

அப்புறம் அந்த பிளேட்டை யூ வடிவமாக்கி, ஓ வடிவமாக்கி, உள்ளயும் வெளியயும் வெல்டு பண்ணி, கடைசில உள்ள இருந்து ஒரு சதவீதம் மாதிரி விரிச்சு அளவுக்குக் கொண்டுவருவாங்க. வளைக்கிறப்ப அதிகமா உருமாறுறது தோல்தான். ஏற்கெனவே ஹார்டா இருந்தது இன்னும் கொஞ்சம் ஹார்டாகும். பிளேட்டோட ஒரு பக்கத் தோல் இப்ப குழாயோட உள்பக்கம், எண்ணெயும் கேஸும் நேரா படுற பக்கம்.

250ங்கிறது சும்மா வந்த நம்பர் இல்ல. சவர் சர்வீஸுக்கான ஐஎஸ்ஓ 15156, ஏபிஐ 5எல்னு ரெண்டு ஸ்டாண்டர்டும் கட்டிப் பிடிச்சுட்டு இருக்குற வரம்பு அது, விக்கர்ஸ் 250, ராக்வெல் சி-ல 22 மாதிரி. அதுக்கு மேல போனா, உள்ள இறங்குன ஹைட்ரஜனும் இழுப்பும் சேர்ந்து குறுக்கால பிளந்துடும். இது ஹெச்ஐசி மாதிரி நடுவுல படி படியா மெதுவா வர்றது இல்ல, தோல்ல ஆரம்பிச்சு சுவரை நேரா துளைக்கிறது. நாள் கணக்குல முடிஞ்சுடும். கஷகான்ல 13 நாள்.

டெஸ்ட்டு ஏன் பிடிக்கல

இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்ப சுவாரசியமான பகுதி இதுதான், கொஞ்சம் விரிவா போறேன்.

வரம்பு விக்கர்ஸ் 250, சரி. எப்படி அளக்குறோம்? குழாய் சுவரைக் குறுக்கால அறுத்து பாலிஷ் பண்ணி, 10 கிலோ லோடுல வைரப் பிரமிடை அமுக்கி, தடத்தோட மூலைவிட்டத்தை அளக்குறோம். ஸ்டாண்டர்டு சொல்ற முதல் வரிசை சர்ஃபேஸ்ல இருந்து 1.5 மில்லிமீட்டர் உள்ள. ஏன் இன்னும் ஓரத்துக்குப் போகலைன்னா, போக முடியாது. 250 ஹார்ட்னஸ்ல 10 கிலோ லோடு விழுற தடம் 0.27 மில்லிமீட்டர், ஓரத்துல இருந்து அதோட ரெண்டரை மடங்காவது தள்ளி வைக்கணும்னு விதி, இல்லன்னா ஓரம் இடிஞ்சு தப்பா காட்டும். அப்போ 0.7 மில்லிமீட்டருக்கு இந்தப் பக்கம் அளக்கவே வழி இல்ல. பிரச்சனை இருக்குறது அரை மில்லிமீட்டருக்குள்ள. அதாவது வரம்பு இருக்கு, அந்த வரம்பை மீறுற இடத்தைத் தொடாத ஒரு அளவுகோல் இருக்கு. ரிப்போர்ட்ல அழகா 205, 198, 210னு வரும். பொய் கிடையாது, எல்லாமே உண்மையான ரீடிங்.

சரி, ஹார்ட்னஸ் விடுங்க, நேரடியா விரிசல் டெஸ்ட் இருக்கே? இருக்கு. ஒரு முறைல சுவருக்குள்ள இருந்து 6.35 மில்லிமீட்டர் விட்டத்துக்கு உருண்டைக் கம்பியா கடைஞ்சு எடுத்து இழுத்து வச்சு கரைசல்ல 720 மணி நேரம் விடுறது. கடையுறப்பவே தோல் போயிடுச்சு. இன்னொரு முறை ஃபோர் பாயின்ட் பெண்ட், பட்டையா வெட்டின துண்டை வளைச்சு அதே 720 மணி நேரம், யீல்டோட 72 சதவீதம், ப்ராஜெக்டைப் பொறுத்து 80, 90. இதுல தோலை விட்டு வைக்கலாம். ஆனா பல லேப்ல ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டணும், சர்ஃபேஸ் ஒரே மாதிரி இருக்கணும், குழிக்கறையில இருந்து விரிசல் கிளம்பி ரிசல்ட்டைக் குழப்பக்கூடாதுன்னு சொல்லி லேசா கிரைண்ட் பண்ணிடுவாங்க. நல்ல எண்ணத்துல பண்றதுதான். ஆனா சீவி எடுத்தது எதுவோ அதைத்தானே டெஸ்ட் பண்ணி இருக்கணும்.

மூணாவது, சாம்பிளிங். 28 இன்ச் குழாயோட உள்பக்கச் சுற்றளவு 2.2 மீட்டர். ரெண்டு லைனும் சேர்த்து 190 கிலோமீட்டர். உள்தோல் மட்டும் சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் சதுர மீட்டர், நம்ம கணக்குல நூறு ஏக்கரைத் தாண்டுது. ஹார்ட் திட்டு ஒண்ணு உள்ளங்கை அளவு இருந்தாலே பெருசு. ஹீட்டுக்கு (ஒரு தடவை உருக்கின ஸ்டீல்) ஒண்ணு, லாட்டுக்கு ஒண்ணுனு வெட்டுற துண்டுல அது மாட்டணும்னா லாட்டரிதான். கெமிஸ்ட்ரி, யீல்டு, சார்பி மாதிரி ஹீட் முழுக்க ஒரே மாதிரி வர்ற குணத்துக்கு இந்த சாம்பிளிங் பொருத்தமா இருக்கும், ஏன்னா அதெல்லாம் ஸ்டீலோட குணம். ஹார்ட் திட்டு ஒரு குறிப்பிட்ட நொடில ஒரு குறிப்பிட்ட நாசிலுக்குக் கீழ நடந்த சம்பவம். சம்பவத்தை சாம்பிள் வச்சு பிடிக்க முடியாது, மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணினாத்தான் உண்டு.

அப்போ அதே மாதிரி டிஎம்சிபி பிளேட்ல செஞ்ச சவர் லைன் எத்தனையோ வருஷமா உலகம் பூரா ஓடிட்டு இருக்கே, அதெல்லாம் ஏன் வெடிக்கலைன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஸ்டாண்டர்டு படி கேஸ்ல ஹைட்ரஜன் சல்ஃபைடோட பார்ஷியல் பிரஷர், அதாவது மொத்த பிரஷர்ல அதோட பங்கு, 0.3 கிலோபாஸ்கலைத் தாண்டினாலே சவர் ஆரம்பம். பல ஃபீல்டு அந்த எல்லைக்குக் கொஞ்சம் மேலயோ, நடுத்தரமாவோதான் இருக்கும். கஷகான் கேஸ்ல ஹைட்ரஜன் சல்ஃபைடு 15 சதவீதத்துக்கு மேல. லைன் பிரஷர் 50 பார்னு சும்மா வச்சுக்கிட்டாகூட 7.5 பார், 750 கிலோபாஸ்கல், அந்த எல்லையை விட 2,500 மடங்கு. அதோட தண்ணியும் சேரணும், நல்லா டிரை பண்ணின கேஸ்னா ஸ்டீலுக்கு ஒண்ணும் ஆகாது. பல லைன் அப்படித்தான் தப்பிச்சுட்டு இருக்கு, கேஸை டிரை பண்றது, அரிப்பைத் தடுக்குற இன்ஹிபிட்டர், உள்ள படியுற சல்ஃபைடு படலம்னு ஏதோ ஒண்ணு காவல் நிக்குது. ஆனா அது பிளேட்டோட திறமை இல்லங்குறதை ஒத்துக்கணும்.

இது புதுசாங்குறதுக்கு ஒரு கிளைக்கதை

ஹார்ட் திட்டுங்குறது 2013-ல கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. 1950கள்ல அமெரிக்காவுல செஞ்ச குழாய்கள்ல, சூடா இருந்த பிளேட் மேல தண்ணி பட்டு அங்கங்க சடார்னு குளிர்ந்து குவெஞ்ச் ஆன ஹார்ட் ஸ்பாட் இருக்குன்னு அந்த ஊர் பைப்லைன்காரங்களுக்கு ரொம்ப நாளா தெரியும். அப்போ கார்பன் அதிகம், அதனால திட்டு தடிமனாவும் இன்னும் ஹார்டாவும் இருக்கும். 2019 ஆகஸ்ட் 1, கென்டக்கி மாநிலம் டான்வில் பக்கம் 30 இன்ச் கேஸ் லைன் வெடிச்சு ஒருத்தர் இறந்தாங்க. குழாய் செஞ்சது 1957. அரசாங்க விசாரணைல வந்த காரணம் ஹார்ட் ஸ்பாட், அங்க கோட்டிங் சிதைஞ்சு போய் ஹைட்ரஜன் ஏறினதுல வந்த விரிசல். அது சவர் கேஸ்கூட இல்ல. 62 வருஷம் மண்ணுக்குள்ள பொறுமையா இருந்துட்டு வெடிச்சிருக்கு.

அப்போ ஒரு பக்கம் பழைய குழாய் ஆளுங்க ஹார்ட் ஸ்பாட் தேடிட்டு இருந்தாங்க, இன்னொரு பக்கம் புது பிளேட் ஆளுங்க எங்க கார்பன் 0.04 தானே எங்களுக்கு அதெல்லாம் வராதுன்னு இருந்தாங்க. ரெண்டு கூட்டமும் ஒரே கான்ஃபரன்ஸ்ல வேற வேற ஹால்ல உக்காந்திருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

அதுக்கப்புறம் என்ன மாறுச்சு

கஷகான்ல எடுத்த முடிவு நேரடியானது, ரிஸ்க்கே வேண்டாம்னு ரெண்டு லைனுக்கும் உள்பக்கம் அரிப்பைத் தாங்குற அலாய் தோல் ஒட்டின கிளாட் குழாய். 2015 ஆரம்பத்துல சைபெம் கம்பெனிக்கு 180 கோடி டாலர் பக்கம் கான்ட்ராக்ட் போச்சு, 2016 கடைசில ஃபீல்டு திரும்ப ஓடுச்சு. அந்த அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அது சரியான முடிவுன்னுதான் எனக்குப் படுது, ஆனா எல்லா சவர் லைனுக்கும் கிளாட் போட யாருக்கும் கட்டுபடியாகாது. அதனால பிளேட் மில்லுங்க தோலைக் கவனிச்சே ஆக வேண்டிய நிலைமை.

முதல் மாற்றம் அளக்குறதுல. 10 கிலோ லோடை விட்டுட்டு அரை கிலோ லோடு. தடம் 0.06 மில்லிமீட்டர்தான் விழும், அதனால ஓரத்துல இருந்து கால் மில்லிமீட்டர்லயே ரீடிங் எடுக்கலாம். சின்ன லோடுன்னா ரீடிங் கொஞ்சம் சிதறும், ஒரு கடினமான துணுக்கு மேல விழுந்தா தனியா ஏறிக் காட்டும், இதை வச்சு வாங்குறவங்களுக்கும் விக்கிறவங்களுக்கும் இழுபறி வரத்தான் செய்யும். 250ங்குற நம்பர் 10 கிலோ லோடுக்குன்னு பிறந்தது, அதை அப்படியே அரை கிலோவுக்கு மாத்துறது எவ்வளவு நியாயம்னு மில்காரங்க கேக்குறதுல அர்த்தம் இருக்கு.

ரெண்டாவது, பெண்ட் டெஸ்ட்ல உள்தோலை சீவாம அப்படியே வச்சு சோதிக்கிறது. மூணாவது எடி கரன்ட் ஸ்கேன், பிளேட் முழுக்க, இல்லன்னா குழாயோட உள்பக்கம் முழுக்க சென்சாரை ஓட்டுறது. ஹார்டான ஃபேஸோட காந்த குணமும் கரன்ட் கடத்துற குணமும் மாறுறதால சிக்னல் மாறும். ஸ்கேலும் அதே சிக்னலைக் குழப்பும், அதனால சந்தேகம் வந்த இடத்துல கிரைண்ட் பண்ணி போர்ட்டபிள் டெஸ்டர் வச்சுப் பாக்கணும். வேலை அதிகம், ஆனா சாம்பிளை நம்பி இருந்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல்.

நிஜமான தீர்வு கூலிங் லைன்லதான். தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி ஸ்கேலை ஒரே மாதிரி ஆக்கணும், அதுக்கு டீஸ்கேலிங் பிரஷர், நேரம் எல்லாம் பாக்கணும். ஒரே அடியா தண்ணி ஊத்தாம கொஞ்சம் குளிரவச்சு, நிறுத்தி, உள்ள இருக்குற சூடு தோலுக்கு ஏறி வர விட்டு, மறுபடி குளிரவைக்கலாம், தோல் தானாவே டெம்பர் ஆயிடும், அதாவது கடினம் தணிஞ்சுடும். கூலிங் முடிஞ்ச கையோட இண்டக்ஷன் ஹீட்டர்ல பிளேட்டை ஆன்லைனா சூடுபண்ற வசதி ஜப்பான்ல 2003ல இருந்தே இருக்கு, இண்டக்ஷன்ல முதல்ல சூடாகுறது தோல்தான்ங்குறது கூடுதல் லாபம். இதெல்லாம் பண்ணா ஸ்ட்ரெங்த் கொஞ்சம் குறையும். அதை ஈடுகட்ட அலாய் ஏத்தினா ஹார்டனபிலிட்டி (குளிர்றப்ப ஹார்டாகுற போக்கு) ஏறி தோல் திரும்ப ஹார்டாகப் பாக்கும். இந்த இழுபறிக்கு நடுவுலதான் சவர் பிளேட் டிசைன் நடக்குது, அதனாலதான் கடுமையான சவர் லைன்கள்ல இன்னும் எக்ஸ்60, எக்ஸ்65தான் வழக்கம், சாதாரண கேஸ் லைன்ல எக்ஸ்80 வரைக்கும் தாராளமா போயிட்டாங்க.

பழைய வழிக்கே போலாமேன்னா, தனியா ஃபர்னஸ்ல குவெஞ்ச் பண்ணி டெம்பர் பண்ணின பிளேட் இருக்கு, டெம்பர் பண்றப்ப தோல் அடங்கிடும். ஆனா ஒவ்வொரு பிளேட்டா ஃபர்னஸ்ல ஏத்தி இறக்கணும், ஆயிரக்கணக்கான டன் ஆர்டருக்கு நேரமும் காசும் எகிறும், டிஎம்சிபி கொடுக்குற பொடி கிரெயின் டஃப்னஸும் அப்படியே கிடைக்காது.

இப்ப சவர் லைனுக்கு பிளேட் வாங்குற இடத்துல நான் உக்காந்திருந்தா சார்பி நம்பரைக் கடைசியா பாப்பேன், அது எப்படியும் நல்லாத்தான் இருக்கும். முதல்ல கேக்குறது மூணு. கூலிங் ஆரம்பிக்கிறப்பவும் முடியுறப்பவும் பிளேட்டோட ரெண்டு பக்கத்து டெம்பரேச்சர் மேப் பிளேட் வாரியா இருக்கா, சராசரி வேண்டாம், மேப். பெண்ட் டெஸ்ட் துண்டோட தோல் மில்லுல இருந்து வந்தபடியே இருந்துச்சா. துண்டு பிளேட்டோட எந்த மூலைல இருந்து வெட்டினது, தலையும் வாலும் அதுல சேருமா. தலையையும் வாலையும் ஏன் கேக்குறேன்னா, பிளேட் தண்ணிக்குள்ள நுழையுறதும் வெளிய வர்றதும் அங்கதான், டெம்பரேச்சர் அதிகமா ஆட்டம் போடுறதும் அங்கதான், மகசூல் குறையுதுன்னு வெட்டி ஒதுக்க மில்லுக்கு மனசே வராத இடமும் அதேதான்.